பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள்

துளசிமணியின் இடுப்பில் வலி இல்லையாம். ஒரு பெல்ட் சொல்கிறது.

நாற்காலியிலிருந்து எழ அவருக்கு மூன்று தவணை ஆகும். முதலில் மேசை விளிம்பைப் பிடிப்பார். பிறகு வலது தொடையில் கையை ஊன்றுவார். அப்புறம் மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து எழுவார். இத்தனையையும் என் கண்முன்னே செய்து முடித்த பின்பு, அவர் இடுப்பைச் சுற்றியிருந்த வலிமானியின் சின்னத் திரையில் பச்சையாக ஓர் எண் எரிந்தது. பூஜ்யம். எனக்கு அந்தத் திரையில் ஓங்கி ஒரு குத்து விடலாம் போல இருந்தது. காப்பீட்டு வாரியத்தின் சொத்து என்பதால் விடவில்லை.

என் பெயர் எஸ்தர். திருப்பூரில் பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை என் கடிதத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. 'இவர் தொடர்ந்து நிற்கக்கூடாது, ஸ்டூல் கொடுங்கள், பன்னிரண்டு வாரம் சிகிச்சைக்கு விடுங்கள்' என்று எழுதினால் தொழிலாளர் காப்பீட்டு வாரியம் ஏற்றுக்கொள்ளும். பிறகு வலிமானி வந்தது. தசையின் இறுக்கம், நரம்பின் துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் படித்துவிட்டு, பத்துக்கு எத்தனை வலி என்று சொல்லும். நான்குக்கு மேலே போனால் சிகிச்சையும் ஸ்டூலும் உண்டு. கீழே என்றால் 'தகுதியில்லை' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வந்த கருவி என்றார்கள். இடுப்புவலி என்று பொய் சொல்லி ஒரு ஸ்டூலை அபகரிக்க நாட்டில் எத்தனை பேர் அலைகிறார்களோ, எனக்குத் தெரியாது.

பனியன் கம்பெனிப் பெண்கள் அதற்கு 'அரணாக்கொடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடுப்பில் கட்டியதோடு சரி, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவர்கள் கேலி.

துளசிமணிக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருடமாகச் செக்கிங் பிரிவு. தைக்கும் வேலையை இயந்திரக் கைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் பிசிறு வெட்டவும், துணியைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கவும் இன்னும் பெண்கள்தான். உயரமான மேசை, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை நிற்க வேண்டும். அவ்வளவு நேரம் யாராலும் இரண்டு காலிலும் சமமாக நிற்க முடியாது. பாரத்தை ஒரு காலில் போட்டு, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பார்கள். செக்கிங் மேசையில் வரிசையாக நாற்பது பெண்கள் அப்படிச் சாய்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

“மெசினு பொய் சொல்லுமுங்களா டாக்டரம்மா?” என்று கேட்டார் துளசிமணி. “ஒருவேளை எனக்குத்தான் மனப்பிராந்தியா இருக்குமோ என்னமோ. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.”

“ஸ்கேன்ல தெரியாத வலி எத்தனையோ இருக்குக்கா. உங்களுக்கு இடுப்பு எலும்போட வெளிப்பக்கம் தசைநார் நைஞ்சுபோயிருக்கு. ஒத்தக்கால்ல நின்னு நின்னு அது இழுபட்டுக்கிட்டே இருந்திருக்கு. அதோட, ரொம்ப நாள் வலிச்சா நரம்புக்கும் பழக்கம் கெட்டுப்போயிரும். வீட்டுல திருட்டு அலாரம் வச்சா, நாளாக நாளாகப் பூனை வந்தாக்கூட அது கத்தும் பாருங்க, அந்த மாதிரி. கத்துறது நிஜம். உங்க மனப்பிராந்தி இல்ல.”

“நல்லாகுமுங்களா?”

“ஆகும். ஊசி, மாத்திரையை விட நிக்கிற முறை மாறணும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருதரம் உக்காரணும். நான் சொல்லித்தர்ற பயிற்சியக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டணும். மூணு மாசத்துல ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்குவீங்க.”

“ஸ்டூலு இல்லாம?”

ஸ்டூல் இல்லாமல் நான் இங்கே காலையில் தசையில் ஏற்றிவிடும் பலத்தை அந்தச் செக்கிங் மேசை இரவுக்குள் இறக்கிவிடும். இரண்டு வருடமாக எங்களுக்குள் நடப்பது அதுதான். துளசிமணியின் மனு இரண்டு முறை தள்ளுபடி ஆகிவிட்டது. மூன்றாவது மேல்முறையீடு பாக்கி. அதுவும் போனால் கோப்பை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் விழுந்து எலும்பு முறிந்தால்தான் வாரியம் திரும்பிப் பார்க்கும்.

அன்று மாலையே ஏற்றுமதி நிறுவன மேலாளர் ஒருவர் வந்தார். பூப்பந்து விளையாடும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம். இரண்டு நாள் வலி. பெல்ட்டைக் கட்டியதும் ஏழு என்று சிவப்பாகக் காட்டியது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வலி உண்மையானது. ஆனால் அவர் போனபின் என் பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் செக்கிங் பிரிவுப் பெண்கள் அறுபத்து மூன்று பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவர்கூட ஒன்றைத் தாண்டவில்லை. முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கும் பூஜ்யம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் மையத்தைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வலிமானியைச் செய்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் கிரிதரன் மரியாதையான மனிதர். காபி கொடுத்தார். அவர் அறையிலிருந்த நாற்காலி, உட்கார்ந்தவர் முதுகுக்கு ஏற்றபடி தானே வளைந்து கொடுத்தது. அதில் உட்கார்ந்து இதைப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து நின்றே பேசினேன்.

“கருவி சரியாத்தான் வேலை செய்யுது மேடம்,” என்றார், என் அறுபத்து மூன்று பேரின் பட்டியலைப் பார்த்துவிட்டு. “வலின்னா என்னன்னு அதுக்கு நாங்க சொல்லிக்கொடுக்கல. ஜனங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு பல்கலைக்கழக ஆய்வு நடந்துச்சு. பதினோராயிரம் பேர் இடுப்புல பட்டை கட்டி, வலி எவ்வளவுன்னு வாயால கேட்டுப் பதிஞ்சாங்க. உடம்பு காட்டுறதையும் அவங்க சொன்ன எண்ணையும் ஜோடி சேர்த்துத்தான் கருவி கத்துக்கிச்சு.”

“செக்கிங் பொம்பளைங்ககிட்டயும் கேட்டாங்களா?”

“நாலாயிரம் பேர். தொண்ணூத்தாறு சதவீதம் பூஜ்யம்னு சொல்லியிருக்காங்க.”

“அப்போ நாள் முழுக்க நின்னு இடுப்பு கெட்டுப்போன ஒடம்பு எப்படி இருக்குமோ, அதுக்குப் பேருதான் பூஜ்யம்னு உங்க மெஷின் படிச்சிருக்கு.”

“அப்படியும் சொல்லலாம்,” என்றார்.

“அப்படியும் சொல்லலாமா? சூப்பர்வைசரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வலிக்குதான்னு கேட்டா எவ சார் வலிக்குதுன்னு சொல்லுவா? சொன்னவளை அடுத்த நாள் வர வேண்டாம்னு அனுப்பிருவாங்க. இது ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். படிச்சவங்க ஆய்வு பண்ணப் போனீங்களே, ஒருத்தனுக்குமா தெரியல?”

“நாங்க போகல மேடம். கேட்டு எழுதினவங்க வேற ஆளுங்க. எங்களுக்கு வந்தது பதிவு மட்டும்தான். யாரும் எதையும் திணிக்கல. நீங்களே கேளுங்க. உங்க பட்டியல்ல முதல்ல இருக்கிற துளசிமணியே அதுல இருக்காங்க.”

கணினியில் தேடி ஒரு குரல் துண்டை ஓடவிட்டார். பின்னணியில் தையல் இயந்திரங்களின் இரைச்சல். ஒரு பெண் குரல் கேட்டது: “அப்போ பூஜ்யம்னு போட்டுக்கட்டுமாக்கா?” அதற்குத் துளசிமணியின் குரல், கொஞ்சம் இளமையாக: “போட்டுக்குங்க அம்மணி.”

கிரிதரன் கையை விரித்தார்.

“முதல்ல இருந்து போடுங்க,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முதலிலிருந்து ஓடியது. கேள்வி கேட்ட பெண் மூச்சுவிடாமல் படித்தாள்: “இடுப்பு, முதுகுப் பகுதியில் தற்போது வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்க.”

“ராத்திரி பொரண்டு படுக்க உடறதில்லீங் அம்மணி. காலையில எந்திரிச்சா செவுத்தப் புடிச்சுட்டுத்தான் நடக்கோணும். என்ன பண்றது, பழகிப்போச்சு.”

“நம்பர் சொல்லணும்க்கா.”

“நம்பரெல்லாம் எனக்கென்னங் தெரியும்? பழகிப்போச்சுங்.”

அப்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பலர் நடக்கும் சத்தம். கேட்ட பெண் அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினாள்.

“உங்களுக்கு நேரமாச்சுங்களா?” என்றார் துளசிமணி.

“இன்னும் பதினாறு பேர் இருக்காங்கக்கா. அப்போ பூஜ்யம்னு போட்டுக்கட்டுமாக்கா?”

“போட்டுக்குங்க அம்மணி. நீங்க போய்ச் சாப்புடுங்க.”

கேட்ட பெண்ணின் குரல் என் குரல்.

படிப்பு முடித்து வேலை கிடைக்காத நாட்களில் ஆறு வாரம் ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். அப்போது அது பெல்ட் இல்லை, ஒயர் சுற்றிய கறுப்புப் பட்டை. எதற்கு எடுக்கிறார்கள் என்று சொன்னதாக நினைவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பட்டைதான் இந்த பெல்ட் ஆனது என்று அதுவரை எனக்குத் தோன்றியதும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது படிவம் முடிக்க வேண்டும். எண் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயிற்சியில் கேட்டோம். வலியால் வேலை நின்றதா என்று பாருங்கள், நிற்கவில்லை என்றால் பூஜ்யம் என்றார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம். போட்டும் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண் செவுத்தப் புடிச்சுட்டு நடக்கிறேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பிசியோதெரபி படித்த எனக்கு அது காதில் விழவில்லை. எனக்குச் சாப்பாட்டு நேரம். இரண்டு நாளாக ஊர் மேல் எல்லாம் எரிந்து விழுந்தேனே, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“அது நான்தான் சார்,” என்றேன்.

கிரிதரன் மரியாதையான மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அவர் முகம் வாடிப்போனது. பிறகு மெதுவாக, “துளசிமணி அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அவங்களையே எழுதிக்கொடுக்கச் சொல்லிடாதீங்க,” என்றார்.

“ஏன்?”

“அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வாரியம். படிவத்துக் கடைசியில ஒரு வரி இருக்கு. தவறான தகவல் கொடுத்தது தெரிஞ்சா காப்பீடு ரத்து. வலி இருந்தும் இல்லேன்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, வலி இருக்குன்னு ஆகும். ஆனா சிகிச்சை கேக்க உரிமை போயிரும்.”

எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். வலி இல்லை என்றாலும் ஸ்டூல் கிடையாது, வலி இருக்கிறது என்றாலும் கிடையாது. இப்படி ஒரு வரியை எழுதியவருக்கு எத்தனை வசதியான நாற்காலி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

மறுநாள் மதியம் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். துளசிமணி சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்து, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்தால் எழ நேரமாகும் என்று அவர் நின்றுகொண்டே சாப்பிடுவது வழக்கம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

“தெரியுமுங்களே,” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு நோட்டெடுத்துட்டு வந்த அம்மணி நீங்கதான்னு. உங்க ஆசுபத்திரிக்கு மொத நாள் வந்தப்பவே தெரிஞ்சு போச்சு. அந்தத் தாவாங்கட்டை மச்சம் இருக்குதில்லீங்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “தெரிஞ்சும் ரெண்டு வருஷமா ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல? என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே! வேற இடத்துக்குப் போயிருக்கலாமே!”

“எதுக்குங் சங்கடப்படுத்தோணும்?” தூக்கின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னார். “இருபத்தாறு வருசத்துல எனக்கு நோவுதான்னு கேட்டது நீங்க ஒருத்தருதான். அன்னைக்கும் நீங்க, இன்னைக்கும் நீங்க. எளுதுனது தப்பாப் போச்சு. கேட்டது கேட்டதுதானுங்களே.”

இந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. இந்தப் பெருந்தன்மையைத்தான் பட்டையில் பதிந்து, பூஜ்யம் என்று பெயர் வைத்து, இவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். “அக்கா, உங்களுக்குக் கோபமே வராதா?” என்று கத்தினேன். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

துளசிமணி வாயிலிருந்த சோற்றை மென்று முடித்தார். “வருமுங்,” என்றார். “நின்னுட்டே இருந்தா எப்படிங் கோவப்படறது? நிக்கறதுக்கே சரியாப் போயிருது.”

அன்று மாலையே, மூன்றாவது மேல்முறையீட்டோடு சேர்த்து வாரியத்துக்குப் பிரமாணப் பத்திரம் எழுதினேன். பதில் சொன்னவர்கள் தவறான தகவல் தரவில்லை. அவர்கள் வலி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பழகிப்போச்சு என்று சொன்னார்கள். இல்லாத ஒன்று யாருக்கும் பழகாது. பூஜ்யம் என்பது அவர்கள் சொல் அல்ல, என் சொல். நான் எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் அப்படித்தான். மற்றவர்கள் எடுத்ததையும் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிரிதரன் அந்தக் குரல் பதிவை முழுசாகவே அனுப்பிவைத்தார். அதற்காக நிறுவனத்தில் அவருக்கு என்ன ஆனது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

துளசிமணியின் மனுவைத் திறந்து பார்க்க வாரியத்துக்கு எட்டு மாதம் ஆனது. என் மேல் நடவடிக்கை எடுக்க எட்டு நாள்தான் ஆனது. ஆய்வில் கவனக்குறைவு என்று இரண்டு வருடம் தொழில் செய்யத் தடை. மையத்தின் பலகையை நானே கழற்றி உள்ளே வைத்தேன். தண்டனை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படிவத்தின் அந்தக் கடைசி வரியை எழுதியவருக்கு எத்தனை வருடம் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இடுப்புவலிக்கான விசாரணையை வாரியம் தன் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வைத்திருந்தது. லிப்ட் ஓடவில்லை. முப்பத்தாறு படி. துளசிமணி கைப்பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக ஏறினார், நான் பின்னால் ஏறினேன். கூடத்தில் மேடை மேல் மூன்று உறுப்பினர்களுக்கு மூன்று குஷன் நாற்காலிகள். கீழே தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு ஒன்று, கிரிதரனுக்கு ஒன்று, அவர் பக்கத்தில் யாரும் உட்காராத ஒன்று. மனுதாரர்கள் நிற்க வேண்டும். முறை அப்படியாம்.

நாற்பது நிமிடம் வாதம் நடந்தது. என் பத்திரத்தைப் படித்தார்கள். குரலை ஓடவிட்டார்கள். 'நீங்க போய்ச் சாப்புடுங்க' என்ற இடத்தில் தட்டச்சுப் பெண் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரமும் துளசிமணி வலது காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பைச் சாய்த்து நின்றார். பெல்ட்டில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

கடைசியில் தலைவர் நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வுபெற்ற அதிகாரி. குரலில் கடுமை இல்லை, அவசரம் இருந்தது. “பழைய பதிவை ரத்து செய்யறோம். இந்தம்மா விஷயத்துல கருவி காட்டறதை எடுத்துக்க முடியாது. விதிப்படி இவங்க வாய்மொழிய வச்சு முடிவு செய்யலாம். அம்மா, வலி எவ்வளவு? சுருக்கமா ஒரு நம்பர் சொல்லுங்க. இன்னும் பதினெட்டு மனு இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணும்.”

தட்டச்சுப் பெண் விரல்களை எழுத்துக்கள் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னப் பெண். படிப்பு முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. துளசிமணி என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“உங்களுக்கு நேரமாச்சுங்களா அம்மணி?”

அவள் தலைவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டினாள்.

அடுத்து துளசிமணி வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக வரும் 'பழகிப்போச்சு'தான். எட்டு மாதம், முப்பத்தாறு படி, என் பலகை எல்லாம் இந்த ஒரு சொல்லில் போகப்போகிறது. வேண்டாம் அக்கா என்று கத்த வாயைத் திறந்தேன்.

துளசிமணி நகர்ந்தார். தட்டச்சு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போய், கிரிதரன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்தார். அது தரையில் கிறீச்சென்று தேய்ந்து வந்தது. கூடத்தின் நடுவே, மேடைக்கு நேர் எதிரே அதைப் போட்டார். மேடையிலிருந்த உறுப்பினர் ஒருவர், “ஏம்மா, இங்க உக்காரக்கூடாது,” என்றார். துளசிமணி தொடையில் கையை ஊன்றி, மூச்சை அடக்கி, பொறுமையாக உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நேரமாகுமுங்க,” என்றார். “மொதல்ல இருந்து எளுதுங்க.”